ஐந்தாம் எண்ணுக்குப் பெயர் இல்லை

அத்தியாயம் பதினான்கு

சிலகலபூடியில் சூரியபிரகாச ராவின் கவரிங் நகைப் பட்டறை இரண்டாகப் பிரியப் போகிறது என்பது போன வாரமே முடிவாகிவிட்டது. மூத்த மகன் மல்லேஸ்வர ராவுக்கு ஒரு பாதி, இளைய மகன் பணீந்திராவுக்கு ஒரு பாதி. முலாம் பூசும் தொட்டிகள், அச்சு அழுத்தும் இயந்திரங்கள், பந்தர் கடைவீதியில் இருக்கும் கடை, எல்லாவற்றுக்கும் சத்தமில்லாமல் வழி கிடைத்தது.

மிஞ்சியது வரைபடங்கள். ஒரு வளையலோ ஜும்கியோ இரும்பு அச்சாக மாறுவதற்கு முன் கணினியில்தான் பிறக்கிறது. அந்த வரைபடம் யாரிடம் இருக்கிறதோ, நகை அவருடையது. அச்சு தேய்ந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். வரைபடம் போனால் நகையே போனது.

இதற்கும் மல்லேஸ்வர ராவ்தான் வழி சொன்னார். "சர்வர்ல எந்த ஃபைல் யார் பேர்ல இருக்கோ, அது அவங்களுக்கு. இதுல சண்டை போட என்ன இருக்கு?"

இளைய மருமகள் ஹிமபிந்து முதல் ஆளாகத் தலையாட்டினாள். பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் வரைந்துகொண்டிருப்பவள் அவள். அவளுக்கு என்ன பயம்?

அதற்குப் பிறகு அவள் ஒரு கல்யாணத்துக்காகக் குடிவாடா போனாள். அவள் ஊரில் இல்லாத நேரத்தில் பட்டறைக்குப் புதிய சர்வர் வந்து இறங்கியது.

திரும்பி வந்த காலை, பிந்து பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலுவலக அறைக்குப் போனாள். ஒரு வியாபாரிக்கு ஜும்கியின் கொக்கியைக் கொஞ்சம் தடிமனாக்கித் தர வேண்டியிருந்தது. வரைபடத்தைத் திறந்தாள். கொக்கியைத் திருத்தினாள். சேமிக்கப் போனாள்.

உங்களுக்கு அனுமதி இல்லை என்றது இயந்திரம்.

தன் விரல்தான் தவறியது என்று நினைத்து மறுபடி அழுத்தினாள். மறுபடி அதே வரி. கோப்பின் விவரத்தைத் திறந்து பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் மல்லேஸ்வர ராவ் என்று இருந்தது. அடுத்த கோப்பைப் பார்த்தாள். மல்லேஸ்வர ராவ். அதற்கடுத்தது, அதற்கடுத்தது, அவள் வந்த புதிதில் வரைந்த முதல் மூக்குத்தி வரைக்கும் மல்லேஸ்வர ராவ்.

"என்னம்மா பிந்து, குடிவாடா விருந்து எப்படி?" பெசரட்டுத் தட்டோடு வாசலில் நின்றார் அவர். "பூர்ணம் பூரி போட்டாங்களா இல்லையா?"

"போட்டாங்க பாவகாரு." கணவனின் அண்ணனை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "என் டிசைன் எல்லாம் உங்க பேர்ல இருக்கு."

"எது?"

"எல்லாமே."

அவர் உள்ளே வந்து, தட்டை ஓரமாக வைத்துவிட்டு, திரையைப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனார். அவர் முகத்தில் முதலில் வந்தது ஆச்சரியம்தான். அதைப் பிந்து பார்த்தாள். ஆனால் ஆச்சரியம் இறங்கியதும் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"மெஷினே சொல்லுதே," என்றார்.

"மெஷின் தப்பா சொல்லுது."

"அது எப்படிம்மா தப்பா சொல்லும்? நான் போய் அதுக்கு ஓதினேனா? விஜயவாடால இருந்து இன்ஜினியர் வந்தான், பழைய மெஷின்ல இருந்த டிஸ்க்கைக் கழட்டிப் புதுசுல சொருகினான், எல்லாத்தையும் காப்பி பண்ணினான், திரும்ப மாட்டிட்டுப் போயிட்டான். நான் தேங்காய் உடைச்சேன், கற்பூரம் காட்டினேன். அதைத் தவிர எதையும் தொடல."

"ஆளாளுக்குக் கணக்கு யார் திறந்தது?"

"அவன்தான். ஆனா வரிசை நான் சொன்னது." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. "நாலு நல்ல காரியம் நடக்கிற இடம். முதல்ல நாயனகாரு." அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "அப்புறம் நான். அப்புறம் என் பொண்டாட்டி சேஷா, அப்புறம் தம்பி பணி, கடைசில நீ. பெரியவங்க முதல்ல. பழைய மெஷின்ல வந்தவங்க போனவங்கல்லாம் முன்னாடி நின்னாங்க. இதுலயாவது முறையா இருக்கட்டும்னு சொன்னேன்."

பிந்து நாற்காலியில் சாய்ந்தாள். நடந்தது முழுவதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்தி, அவளுக்குப் புரிந்ததை உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். ஒரு கோப்பின் மேல் அதன் உரிமையாளர் பெயர் எழுதியிருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த மாதிரி சர்வர்களில் அப்படி இல்லை. கோப்பின் மேல் இருப்பது வெறும் எண். இரண்டாம் எண் யார், மூன்றாம் எண் யார் என்ற பட்டியல் இயந்திரத்துக்குள் தனியே இருக்கிறது. நாம் கேட்கும்போதெல்லாம் இயந்திரம் அந்த எண்ணை எடுத்துப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துப் பெயரைக் காட்டுகிறது. எண் கோப்போடு பயணம் போகும். பட்டியல் போகாது.

பழைய சர்வரில் எண்கள் வேலைக்கு வந்த வரிசையில் விழுந்திருந்தன. இயந்திரத்தை வாங்கி வைத்த பணீந்திரா ஒன்று. புது மணப்பெண்ணாக வந்து மறு வாரமே வரைய உட்கார்ந்த பிந்து இரண்டு. பிறகு மல்லேஸ்வர ராவ் மூன்று, அவர் மனைவி சேஷகுமாரி நான்கு. இப்போது புதிய சர்வரில் வயது வரிசை. அதில் இரண்டாம் எண் மல்லேஸ்வர ராவ். டிஸ்க்கைக் கழற்றிச் சொருகி அப்படியே அள்ளிப் போட்டதால் எண்கள் மட்டும் வந்தன. பிந்துவின் பன்னிரண்டு வருடமும் இரண்டாம் எண்ணோடு வந்து அவர் மடியில் விழுந்தது.

"பாவகாரு, கல் பதிக்க வீடு வீடாத் தட்டு அனுப்பறீங்கல்ல?"

"ஆமா."

"தட்டு விளிம்புல நம்பர் தகடு இருக்கும். ரெண்டுன்னா நாகரத்தினம், மூணுன்னா பீபீ. ஒருநாள் நீங்க வயசு வரிசைல அந்தம்மாக்களுக்குப் புதுசா நம்பர் கொடுக்கறீங்கன்னு வைங்க. ஆனா தட்டுல பழைய தகடுதான் இருக்கு. நாகரத்தினம் பதிச்ச கல்லுக்குக் கூலி யாருக்குப் போகும்?"

அவர் பெசரட்டில் ஒரு துண்டு பிய்த்தார். இருபது வருடமாகத் தட்டு அனுப்புகிறவர் அவர். அவருக்கா புரியாது?

"தட்டு வேற, மெஷின் வேற," என்றார் கடைசியில்.

"என்ன வேற?"

"நான் நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னேன். மெஷின்ல யார் பேரோ அவங்களுக்குன்னு. நீயும் தலையாட்டினே. இப்ப உனக்குச் சாதகமா இல்லன்னதும் மெஷின் தப்புங்கறே."

"எந்த மெஷின்னு சொன்னீங்க? பழசா, புதுசா?"

"மெஷின்னு சொன்னேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பழசை எடுத்துட்டுப் போகச் சாயங்காலம் வண்டி வருது. எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தாச்சு. அங்க போனதும் முதல் வேலையா உள்ளே இருக்கறதை அழிச்சிடுவாங்களாம். அதனால புதுசுல என்ன இருக்கோ அதுதான் இனிமே."

அவர் போன பிறகு பிந்து பணீந்திராவைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் ஏலூரில் ஒரு வியாபாரியின் கடையில் இருந்தான்.

"அண்ணன்கிட்ட இப்ப மோதாத பிந்து. நான் வந்து பேசிக்கறேன்."

"எப்ப வருவீங்க?"

"நாளைக்கு மத்தியானம்."

"வண்டி இன்னைக்குச் சாயங்காலம் வருது."

மறுமுனையில் அவன் யாரிடமோ காத்திருக்கச் சொல்லும் சத்தம். "கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன். பாகம் நல்லபடியா முடியட்டும். டிசைன் புதுசா வரைஞ்சுக்கலாம், உனக்கு வராததா?"

"நீங்க புதுசா ஒரு பன்னிரண்டு வருஷம் வாங்கிட்டு வாங்க. நான் வரைஞ்சு தரேன்."

"கோபத்துல பேசாத."

"கோபம்தான். வேற எதுல பேசறது?"

"சாப்டியா?" என்றான்.

"சண்டையை முடிச்சுட்டுச் சாப்பிடறேன்."

பழைய சர்வர் வராந்தாவில் அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி நின்றது. பிந்து கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாள். பெட்டியைத் திறந்து, இயந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அலுவலக அறைக்கு நடந்தாள். கனம்தான். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சேஷகுமாரி கோங்குராக் கட்டோடு எழுந்து பின்னாலேயே வந்தாள்.

"குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரி போறியே. அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுக்கட்டும் அக்கா."

மின்கம்பியைச் சொருகினாள். பழைய சர்வர் ஒரு முனகலோடு உயிர் பெற்றது. பக்கத்தில் புதியது சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய இயந்திரத்தின் தலைமைச் சாவி பிந்துவிடம் இருந்தது. சாவி என்றால் கடவுச்சொல்தான். அது தெரிந்தவர் எந்தக் கோப்பின் உரிமையாளரையும் ஒரே வரியில் மாற்றிவிடலாம். புதியதன் தலைமைச் சாவி மாமனாரிடம். வரிசையில் முதல் ஆள் என்பதால் இன்ஜினியர் அதை அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கேட்டால் கிழவர் கொடுத்துவிடுவார். பிந்து தனியே உட்கார்ந்து பெயர்களை மாற்றிவிடலாம்.

அதனால்தான் அவள் கேட்கவில்லை. தனியே மாற்றினால் நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள். எல்லார் கண்ணும் பார்க்க, பழையதிலிருந்து புதியதுக்கு நேராக வர வேண்டும்.

"அக்கா, இந்தப் புது மெஷின்ல உங்க கணக்கைத் திறங்க. உங்க பேர்ல என்ன இருக்குன்னு பார்க்கலாம்."

"எனக்கு என்ன இருக்கப் போகுது? சங்கராந்தி போட்டோ நாலு இருக்கும்." ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சேஷகுமாரி உட்கார்ந்தாள். திறந்தாள். பார்த்தாள். "இது என்ன, என் போட்டோவைக் காணோம். வேற என்னமோ நிறைய இருக்கு. விலைப் பட்டியல், பழசு. இது அவரோட ஃபோல்டர் இல்ல? எப்பவும் பூட்டி வச்சிருப்பாரே, யாரும் திறக்க முடியாதபடி."

"திறந்து பாருங்க."

"திறக்குமா?"

"பூட்டு அப்படியே வந்திருக்கு அக்கா. உரிமையாளரைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லைங்கற கட்டளை ஒரு எழுத்து மாறல. மூணாம் நம்பர் மட்டும் இப்ப நீங்க. சாவி கை மாறியிருக்கு."

சேஷகுமாரி திறந்தாள். விலைப் பட்டியல் என்று பெயரிட்ட உறைக்குள் பட்டியல் எதுவும் இல்லை. ஒலிப் பதிவுகள் இருந்தன. ஒன்றைத் தட்டினாள்.

மல்லேஸ்வர ராவின் குரல் அறையை நிரப்பியது. பின்னணியில் இசைத்தட்டு ஓட, ஒரு காதல் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாடியிருக்கிறார் என்பது கேட்கும்போதே தெரிந்தது. சரணத்தில் சுருதி ஒரு படி இறங்கியது. அவர் விடாமல் அதைத் துரத்திக்கொண்டு போனார்.

சேஷகுமாரி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"நிறுத்து. நிறுத்துடி அதை." பட்டறைப் பக்கமிருந்து ஓடி வந்தார் மல்லேஸ்வர ராவ். நெற்றியெல்லாம் வேர்வை. "என் ஃபைலை யாரு தொடச் சொன்னது?"

"உங்க ஃபைலா?" சேஷகுமாரி நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள். "என் பேர்ல இல்ல இருக்கு. பாருங்க. மெஷினே சொல்லுதே."

"அது நான் பாடினது."

"அப்படியா? குரல் உங்களோடதுதான்னு நானும் நினைச்சேன். ஆனா நாலு பேர் முன்னாடி நீங்க சொன்ன வார்த்தை இருக்குல்ல, யார் பேரோ அவங்களுக்குன்னு. அப்ப இதைப் பாடினது நான்தாங்க."

வாசலில் இருமல் கேட்டது. சூரியபிரகாச ராவ் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த உயரமான மனிதர். பகல் தூக்கத்தின் மடிப்பு கன்னத்தில் இருந்தது. "மல்லேஸா பாடறது?" என்றார். "பரவால்லையே. உங்கம்மா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பா."

மல்லேஸ்வர ராவ் மூலையில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். மனைவியையும் பார்க்கவில்லை, தம்பி மனைவியையும் பார்க்கவில்லை. பாட்டு முடியும்வரை தரையைப் பார்த்தார்.

"சரி," என்றார். "நம்பர் மாறியிருக்கு. ஒத்துக்கறேன். பேரைச் சரி பண்ணு."

"எல்லாரும் இங்கேயே உட்காருங்க," என்றாள் பிந்து. "மாமய்யா, உங்க பாஸ்வேர்டை நீங்களே போடுங்க. நான் பார்க்கல."

கிழவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். புதிய சர்வரின் கதவு திறந்தது.

பிந்து இரண்டு இயந்திரத்தையும் ஒரு கம்பியால் இணைத்தாள். இந்த முறை எண்ணைப் பார்த்து அல்ல, பெயரைப் பார்த்துக் கொண்டு வா என்று சொல்ல வேண்டும். பழையதில் இந்தக் கோப்பு யாருடையது என்று பெயர் கேட்டு, அதே பெயர் புதியதில் எந்த எண்ணில் இருக்கிறதோ அந்த எண்ணைப் போட வேண்டும். அப்படிச் செய்யத் தெரிந்த கட்டளை இருக்கிறது. அதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு: உடனே செய்யாதே, செய்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல் என்று கேட்டால், ஒரு கோப்பையும் தொடாமல் சொல்லிக் காட்டும். கைதேர்ந்தவர்கள் அந்த ஒத்திகையைப் பார்க்காமல் அசல் கட்டளையைத் தட்ட மாட்டார்கள்.

ஒத்திகை ஓடியது. பிந்துவின் ஜும்கிகள் பிந்துவுக்கு. பாட்டுகள் மல்லேஸ்வர ராவுக்கு. சங்கராந்திப் படங்கள் சேஷகுமாரிக்குத் திரும்பின. "அப்பாடா," என்றாள் அவள்.

பிந்துவின் கை விசைப்பலகையின் மேல் நின்றது.

அவள் பெயருக்கு வந்து சேர்ந்த வரிசையில் அவள் வரையாத வரைபடங்கள் சில இருந்தன. அலை வளையல். அதன் குட்டி அளவு. அலை ஒட்டியாணம். அந்த வீட்டுக்குச் சோறு போடும் நகை எது என்று கேட்டால் பட்டறையில் யாரும் அலை வளையல் என்றுதான் சொல்வார்கள். கடல் நுரை கரையில் விரிந்த மாதிரி விளிம்பு, கண்டபடி வளைந்தும் கையில் குத்தாது.

பழைய இயந்திரத்தில் அந்தக் கோப்புகளைத் தேடிப் பார்த்தாள். உரிமையாளர் என்ற இடத்தில் பெயரே இல்லை. ஐந்து என்ற எண் மட்டும் இருந்தது.

"அது என்ன, மொட்டையா நம்பர் நிக்குது?" என்றாள் சேஷகுமாரி. கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

சூரியபிரகாச ராவுக்கு இரண்டு மகன்கள் மட்டும் அல்ல. சைலஜா என்று ஒரு மகள். பாலிஷ் பட்டறையில் வேலை பார்த்த யேசுதாசுவோடு அவள் புறப்பட்டுப் போய் எட்டு வருடம் ஆகிறது. அன்று சுவரிலிருந்த அவள் படத்தை மல்லேஸ்வர ராவ் இறக்கினார். சர்வரிலிருந்த அவள் கணக்கைப் பணீந்திரா நீக்கினான். அதோடு அவள் பெயர் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை.

ஆனால் கணக்கை நீக்கினால் பட்டியலிலிருந்து பெயர்தான் போகும். அந்த ஆள் செய்த கோப்புகள் போகா. அவை எண்ணைச் சுமந்துகொண்டு அப்படியே இருக்கும். ஐந்தாம் எண்ணுக்கு நேரே யாரும் இல்லாமல் எட்டு வருடமாக அலை வளையல் அந்த டிஸ்க்கில் இருந்திருக்கிறது.

பெயரைத் தேடி வரும் கட்டளை, பெயர் கிடைக்காவிட்டால் வெறும் எண்ணைக் கொண்டுவந்து வைத்துவிடும். புதிய சர்வரில் ஐந்தாம் எண் யார்? வயதில் கடைசியான பிந்து.

"இதை இப்படியே ஓட்டினா அலை வளையல் என் பேருக்கு வந்துடும்," என்றாள். "என் டிசைனோட கலந்துடும். பழைய மெஷினும் போயிட்டா, அப்புறம் எது என்னது, எது அவங்களதுன்னு எந்த மெஷினாலயும் பிரிக்க முடியாது."

மல்லேஸ்வர ராவ் ஸ்டூலிலிருந்து எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார், வியாபாரியோடு பேசும் குரல். "பிந்து. நல்லா கேளு. உன் டிசைன் உனக்கு வந்தாச்சு. நான் தடுக்கல. அலை வளையலும் உன் பேருக்கே வரட்டும். நான் கேட்க மாட்டேன். நாளைக்கு பாகம் எழுதும்போது என் வாயாலயே சொல்றேன், அது பணீந்திராவோட பாகம்னு. போதுமா? உங்க குடும்பம் காலத்துக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம்."

"அது நான் வரைஞ்சது இல்ல பாவகாரு."

"யாரு கேட்கப் போறா?"

"காலைல நான் கேட்டேனே."

"அது வேற. நீ இந்த வீட்டு ஆள்."

"வரைஞ்சபோது அவங்களும் இந்த வீட்டு ஆள்தான். இதோ இந்த நாற்காலிக்குப் பக்கத்துல உட்கார்ந்துதான் வரைஞ்சாங்க. விளிம்பு வரலைன்னு மூணு தரம் அழிச்சாங்க. நான் பார்த்தேன்."

"அந்தப் பேரை இந்த வீட்ல எடுக்கறதில்லை."

"நான் எடுக்கல. எழுதப் போறேன்."

பழைய இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். அதன் பட்டியலைத் திறந்து, ஐந்தாம் எண்ணுக்கு நேரே சைலஜா என்று அடித்தாள். அவ்வளவுதான். கோப்புகளைத் தொடவே தேவையில்லை. மறுபடி விவரம் கேட்டதும், மொட்டையாக நின்ற எண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பெயராக மாறின. அலை வளையல், சைலஜா. அலை ஒட்டியாணம், சைலஜா.

சூரியபிரகாச ராவ் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"பிந்து, சொல்றதைக் கேளு." மல்லேஸ்வர ராவின் குரல் இப்போது தாழவில்லை. "புதுசுல அந்தப் பேரைப் போட்டேன்னு வை, பாகமே கிடையாது. எல்லாம் பழையபடி என் கைல. உன் புருஷனும் என்கிட்டச் சம்பளத்துக்கு நிப்பான். உன் ஜும்கியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. யோசிச்சுச் செய்."

"யோசிச்சுட்டேன்."

"பணிக்கு ஃபோன் போடு. அவன்கிட்டக் கேட்டுட்டுச் செய்."

"அவர் அனுசரிச்சுப் போகச் சொல்வார். காலைலயே சொல்லிட்டார்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "யார் பேரோ அவங்களுக்குன்னு ஒரு சட்டம் போட்டீங்க. நல்ல சட்டம் பாவகாரு. உங்களுக்குத் தோணினதுலயே நல்லது அதுதான். எனக்கு மட்டும் அந்தச் சட்டம், அவங்களுக்கு இல்லைன்னா, நாளைக்கு என்னையும் ஒருநாள் இந்தப் பட்டியல்லேர்ந்து அழிச்சுட்டு, டிசைனை மட்டும் வச்சுப்பீங்க. அதுக்கு நான் இடம் கொடுக்கறதா இல்லை."

"நாயனகாரு, நீங்களாவது சொல்லுங்க. உங்க பாஸ்வேர்டுல திறந்த மெஷின். மூடச் சொல்லுங்க."

கிழவர் திரையிலிருந்து நிமிரவில்லை.

பிந்து புதிய சர்வரில் ஆறாவதாக ஒரு கணக்கைத் திறந்தாள். சைலஜா என்று அடித்தாள். தட்டினாள்.

புதிய கணக்குக்குக் கடவுச்சொல் என்ன என்று இயந்திரம் கேட்டது.

"ஏதாவது ஒண்ணு போட்டுத் தொலை," என்றாள் சேஷகுமாரி பதற்றத்தில்.

"நான் எப்படிப் போடறது? அவங்க கணக்கு." பிந்து அந்தக் கேள்வியை வெறுமையாகவே கடந்தாள். கணக்கு இருக்கும், உரியவள் வந்து தன் சொல்லைப் போடும்வரை அது பூட்டியே இருக்கும். பிறகு ஒத்திகையை மறுபடி ஓட்டினாள். இந்த முறை அவள் பெயருக்கு நேரே அவள் வரைந்தவை மட்டும் வந்தன. ஆறாவது பெயருக்கு நேரே அலைகள் வந்தன. அசல் கட்டளையைத் தட்டினாள். வரிகள் திரையில் ஏறத் தொடங்கின.

"பாகம் கிடையாது," என்றார் மல்லேஸ்வர ராவ். "பெரிய மனுஷங்களைக் கூட்டறேன். அவங்க முன்னாடி பேசிக்கலாம்."

"கூட்டுங்க. அவங்க முன்னாடியும் இதே திரையைத்தான் காட்டுவேன்."

வெளியே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பழைய இயந்திரத்தை எடுத்துப் போக வந்த ஆள் வராந்தாவில் கிடந்த வெறும் பெட்டியையும் அறுந்த கயிற்றையும் பார்த்துவிட்டு, "ராவ்காரு," என்று குரல் கொடுத்தான்.

மல்லேஸ்வர ராவ் வாசலுக்குத் திரும்பினார். அவருக்கு முன்னால் சூரியபிரகாச ராவ் நடந்துபோனார். அந்த வயதுக்கு வேகம்தான்.

"வண்டியைக் காலியா எடுத்துட்டுப் போப்பா," என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது. "அந்த மெஷினை எங்க வீட்ல இன்னும் ஒருத்தர் வந்து பார்க்க வேண்டியிருக்கு."

வரிகள் ஏறிக்கொண்டிருந்தன.

"யார் போய் அவளைக் கூட்டிட்டு வருவாங்களாம்?" மல்லேஸ்வர ராவ் வாசலைப் பார்த்தபடி கேட்டார். "எங்க இருக்கா, உயிரோட இருக்காளான்னு இந்த வீட்ல யாருக்காவது தெரியுமா?"

சேஷகுமாரி கோங்குராக் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் இருக்கா," என்றாள். "போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அவ வீட்லதான் சாப்பிட்டேன்."